பயிற்சி முடிந்த மறுநாள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்யும் செவிலியர் நான். எங்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், சான்றிதழும் தருகிறார்கள். பயிற்சி முடிந்த மறுநாள் தனியாக நின்று பார்க்கும்போது யாரிடம் கேட்பது என்பதுதான் என் கவலை.

சோதனை எளிமையானது. 5 மில்லி அசிட்டிக் அமிலத்தை 95 மில்லி வாலைவடிநீரில் கலந்து, அன்றைக்கு வேண்டியதை அன்றே தயாரிக்கிறோம். பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஓரம் தெளிவாக, கெட்டியான வெள்ளைத் திட்டு தெரிந்தால் பாசிட்டிவ். பாடப் படத்தில் பளிச்சென்று தெரிகிற அந்தத் திட்டு, நேரில் பார்க்கும்போது அப்படித் தெரிவதில்லை. அழற்சி இருந்தாலும் வெளுக்கும். ஆபத்தே இல்லாத இயல்பான மாற்றத்திலும் லேசாக வெளுக்கும். துடைக்காமல் விட்ட சளியும் வெள்ளைதான்.

சந்தேகம் வந்தால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்போம். ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போய்வந்த ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "ஒண்ணுமில்லன்னுட்டாங்க. இதுக்கா சிஸ்டர் என்னைய அம்புட்டுத் தூரம் அலையவிட்டீங்க?" அதற்குப் பிறகு அந்தத் தெருப் பெண்களைச் சோதனைக்கு வரவைக்கப் பெரும்பாடு பட்டோம். அந்தப் பேச்சுக்குப் பயந்து சந்தேகமானதையெல்லாம் நார்மல் என்று எழுதினால், ஒரு பெண்ணின் உயிரே போய்விடும்.

இது செவிலியருக்கு மிஞ்சிய வேலை என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்களே 30 முதல் 59 வயதுவரையிலான 31,343 பெண்களைச் சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குக் உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையும் செய்தார்கள். டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் 2007-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். சோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட்டால் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. நம் ஊர்ப் பெண்களிடம், நம் ஊர்ச் செவிலியர்கள் செய்து காட்டியது இது.

தொலைவிலிருந்தே கைதூக்கிவிட முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைடிஸ் சி நோய்க்குச் சிகிச்சை தரும் சிறு ஊர் மருத்துவர்களும் பல்கலைக்கழக நிபுணர்களும் காணொளி வழியே ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கலந்து பேசினார்கள். குணமாகும் விகிதம் சிறு ஊர்களிலும் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததாக 2011-இல் ஆய்வு வந்தது. நொய்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனம் புற்றுநோய்ப் பரிசோதனைப் பயிற்சிக்கும் இந்த முறையைப் பயன்படுத்துகிறது.

அதன் அருமை எனக்கே தெரியும். எங்களுக்கு வழிகாட்டிய மருத்துவர் ஒருவரிடம், ஒரு பெண்ணின் சம்மதத்தோடு எடுத்த படத்தைப் பெயரில்லாமல் காட்டினேன். "திட்டு எவ்வளவு பெரிசுன்னு மட்டும் பார்க்காதீங்க சிஸ்டர். உள்பக்க ஓரம் எங்கே முடியுதுன்னு பாருங்க. வாய்க்குள்ளே போய் மறைஞ்சா கிரையோ வேண்டாம், அனுப்பிடுங்க" என்றார் அவர். அன்றிலிருந்து என் கண் முதலில் அந்த ஓரத்தைத்தான் தேடுகிறது. இன்னொரு முறை வகுப்பில் உட்காரவைத்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

அவர் இதைத் தன் சொந்த நேரத்தில் செய்தார். மாற்றலாகிப் போனார், எல்லாம் நின்றுபோனது. நல்ல மனதை நம்பி இந்த வேலையை நடத்தக் கூடாது. மருத்துவக் கல்லூரியின் டியூட்டி அட்டவணையிலேயே, புறநோயாளி நேரத்தைப் போல, செவிலியர்களின் சந்தேகங்களைத் தீர்க்க வாரம் ஒரு மணி நேரம் எழுதப்பட வேண்டும். ஒருவர் மாறினால் அடுத்தவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

இனி ஹெச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் சோதனை வந்துவிடுமே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். வரட்டும், அது இதைவிட நல்ல சோதனை. அதில் பாசிட்டிவ் வந்தாலும், இங்கேயே சிகிச்சை செய்யலாமா, அனுப்பலாமா என்று கருப்பைவாயைப் பார்த்து ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், இதற்குப் பெரிய செலவும் ஆகாது. நான் அனுப்பிய பெண்ணுக்குப் பயாப்ஸியில் என்ன வந்தது என்பது எனக்குத் தெரிய வேண்டும். இப்போது அவரே திரும்பி வந்து சொன்னால்தான் உண்டு. நான் பார்த்தது சரியா தவறா என்றே தெரியாமல் அடுத்த பெண்ணைப் பார்க்கிறேன். அந்த முடிவின் ஒரு நகல் சுகாதார நிலையத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்.