நீங்கள் கட்டும் ஃபீஸ் வகுப்பறைக்கா, ஆய்வகத்துக்கா?

தம்பிக்கோ தங்கைக்கோ யுனிவர்சிட்டி சீட் தேடும்போது நாம் முதலில் கூகுள் பண்ணுவது ரேங்க். அந்த ரேங்க் எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறோமா?

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் பட்டியல் 2016 முதல் வெளியாகிறது. பல்கலைக்கழக மதிப்பீட்டில் கற்பித்தலுக்கு 30 சதவீதம், ஆராய்ச்சிக்கும் 30 சதவீதம். பார்க்க சமம்தான். உள்ளே போனால் கதை வேறு. ஆராய்ச்சியில் கட்டுரைகள், மேற்கோள்கள், காப்புரிமைகள், ஆய்வு நிதி எல்லாம் எண்ணப்படும். கற்பித்தலில் எண்ணுவது ஆசிரியர்-மாணவர் விகிதம், பிஎச்.டி முடித்த ஆசிரியர்கள், செலவான பணம். பாடம் மாணவருக்குப் புரிந்ததா? அதற்கு மார்க் கிடையாது.

மார்க் எங்கே இருக்கிறதோ, கவனமும் காசும் அங்கேதானே போகும்?

பணம் எப்படிப் பிரிகிறது?

வெளியிலிருந்து வரும் ஆய்வு நிதி, குறிப்பிட்ட ப்ராஜெக்ட்டுக்கானது. கருவி வாங்கலாம், ஆய்வு உதவியாளரை வைக்கலாம். ஆனால் நிரந்தர ஆசிரியரை நியமிக்க முடியாது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்தச் சம்பளம் பெரும்பாலும் அரசு மானியத்திலிருந்தும் மாணவர் கட்டணத்திலிருந்தும் வர வேண்டும். மானியம் குறைந்தால் முதலில் நிற்பது புது நியமனம். காலியிடத்தை நிரப்ப வருபவர் கௌரவ விரிவுரையாளர். யு.ஜி.சி. 2019-ல் சொன்ன ஊதியமே ஒரு வகுப்புக்கு ₹1,500, மாதத்துக்கு அதிகபட்சம் ₹50,000. அடுத்த செமஸ்டரில் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம்தான் முதலாண்டு மாணவரை ஒப்படைக்கிறோம்.

அப்போ ஆராய்ச்சியைக் குறைக்கலாமா?

கூடவே கூடாது. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது ஜி.டி.பி-யில் சுமார் 0.64 சதவீதம்தான். அதிலும் கை வைத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. தானே ஆய்வு செய்கிற ஆசிரியர், புத்தகத்தில் இல்லாததையும் சொல்லித் தருவார். அதனால் ஒன்றை வெட்டி இன்னொன்றை வளர்ப்பது தீர்வு அல்ல.

தேவை, இரண்டு தனித்தனிக் கணக்குகள். ஒரு மாணவரின் கட்டணத்தில் வகுப்பறைக்கு எவ்வளவு, ஆய்வகத்துக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையும் அதோடு இருக்க வேண்டும். ஆய்வு நிதி எவ்வளவு வந்தாலும், நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் இதற்குக் கீழே போகக் கூடாது என்ற வரம்பை அரசு வைக்க வேண்டும்.

அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது ரேங்க் மட்டும் கேட்காதீர்கள். ‘முதல் வருஷத்துக்குப் பாடம் எடுக்கிறது யாரு?’ என்றும் கேளுங்கள்.