கவலைக்குக் குடிப்பதும் புகையானுக்குத் தவறான மருந்து அடிப்பதும்

2024 டிசம்பரில் மண்டகப்பட்டுப் பகுதிக்குப் பயிர்ச் சேதம் பார்க்கச் சென்றிருந்தோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஒன்றரை ஏக்கர் நெல்லை வெள்ளத்தில் இழந்த விவசாயி ஒருவர் காலை எட்டு மணிக்கு மனுவில் கையெழுத்துப் போட வந்தார். பேனாவைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. குளிர் காலையிலும் வியர்த்தது.

"ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுதுங்க ஐயா. நெஞ்சு படபடன்னு அடிக்குது. கடனை நினைச்சா மூச்சு முட்டுது. நரம்புத் தளர்ச்சின்னு டானிக் வாங்கிச் சாப்பிடறேன்" என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, "அதை மறக்கத்தாங்க சாயந்திரம் கொஞ்சம் போடறது" என்றும் சொன்னார்.

இதே பேச்சை எத்தனையோ ஊர்களில் கேட்டிருக்கிறேன். விதை நேர்த்தி பற்றியும் உர அளவு பற்றியும் மணிக்கணக்கில் பேசும் நாங்கள், இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. "அது அவரவர் சொந்த விஷயம்" என்று ஒதுங்கி விடுகிறோம். அது தவறு என்பது என் கருத்து. விவசாயி தளர்ந்துவிட்டால் எந்த உயர் விளைச்சல் இரகமும் அவருக்கு உதவாது.

புகையான் சொல்லும் பாடம்

நெல்லில் புகையான் கண்டதும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளை அடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது நினைவிருக்கும். அடித்தவுடன் பூச்சி குறைந்தது போலத் தோன்றலாம். ஆனால் புகையானைத் தின்னும் சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிரினங்களும் மடிந்து விடுகின்றன. சில நாட்களில் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். விவசாயியோ மருந்து போதவில்லை என்று எண்ணி மறுபடியும் அடிப்பார்.

கவலைக்குக் குடிப்பதும் இப்படித்தான். நமது மூளையில் பரபரப்பை அடக்கும் இரசாயனம் ஒன்றும், பரபரப்பைத் தூண்டும் இரசாயனம் ஒன்றும் உண்டு. டிராக்டருக்கு பிரேக்கும் ஆக்சிலேட்டரும் போல என்று வைத்துக் கொள்ளலாம். மது உள்ளே போனதும் பிரேக்கை அழுத்துகிறது. படபடப்பு அடங்குகிறது. ஆனால் தினமும் இப்படி நடந்தால், மூளை அதை ஈடுகட்ட ஆக்சிலேட்டரைக் கூட்டிக் கொள்கிறது. மதுவின் வேகம் தணிந்ததும் பிரேக் விடுபடுகிறது. கூட்டிய ஆக்சிலேட்டர் மட்டும் அப்படியே நிற்கிறது. நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத பயம் எல்லாம் அப்போதுதான் கிளம்புகின்றன.

இரவு 2 மணிக்கு ஏன் விழிப்பு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 மி.லி. கொண்ட ஒரு குவார்ட்டர் பிராந்தியில் 42.8 சதம் ஆல்கஹால் இருந்தால், எடையில் அது சுமார் 60 கிராம். நமது கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ஆக, கழிந்து தீர 6 முதல் 8 மணி நேரம் ஆகும். இரவு 8 மணிக்குக் குடித்தவருக்கு 2 மணியிலிருந்து 4 மணிக்குள் அது தீருகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் விழிப்பு வருகிறது. மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கும். ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் சிறு கவலையும் மலையாகத் தெரியும். மாலையில் மறுபடியும் கடைக்குப் போவார். கடன் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

கள்ளச்சாராயம்தான் கெடுதல், கடைச் சரக்கு பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் மெத்தனால் இல்லாத, முத்திரை போட்ட பாட்டிலும் மனப்பதற்றத்தை வளர்க்கவே செய்யும். அந்தச் சேதம் மெதுவாக நடப்பதால் செய்தியாவதில்லை. 2003 முதல் சில்லறை விற்பனையைத் தானே நடத்தும் அரசு, குடியிலிருந்து மீள விரும்புகிறவருக்கு ஊரருகே உதவி கிடைக்கவும் அதே அக்கறை காட்ட வேண்டும்.

திடீரென்று நிறுத்தலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. எப்போதாவது குடிப்பவர் இன்றே நிறுத்திவிடலாம். தினமும் அதிகமாகக் குடிப்பவர், காலையில் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், தாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களில் இல்லாதது கண்ணில் தெரிந்து புத்தி பேதலிக்கலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். கார்த்திகையில் மாலை போடும்போதும், திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டும்போதும் பலர் ஒரே நாளில் விடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மருந்துகள் உள்ளன.

தூக்க மாத்திரையை மதுவோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, மூச்சு அடங்கிவிடலாம். குடியை நிறுத்தும் மருந்து என்று யாரோ கொடுக்கும் பொடியைக் கணவருக்குத் தெரியாமல் காப்பியில் கலந்து கொடுப்பதும் ஆபத்தானது.

நிறுத்திய முதல் ஓரிரு வாரங்களில் கவலை கூடியது போலத் தோன்றும். அது மூளை பழைய நிலைக்குத் திரும்பும் காலம். சில வாரங்களில் பெரும்பாலோருக்குப் படபடப்பு தணிகிறது. அதன் பின்பும் நீடித்தால், குடிக்கு முன்பிருந்தே மனப்பதற்ற நோய் இருந்திருக்கலாம். அதற்கும் ஆலோசனையும் மருந்தும் உண்டு. இது கோழைத்தனமோ பைத்தியமோ அல்ல. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போல ஒரு நோய்தான்.

14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் மனநல ஆலோசனை பெறலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில் ஒருவர் மனம் உடைந்து குடிக்கிறார் என்றால், பூச்சி மருந்தை வீட்டில் வைக்க வேண்டாம். பூட்டிய பெட்டியில் வைத்து, சாவியை வேறொருவர் வைத்திருக்கட்டும்.

புகையானுக்கு முதலில் வயல் தண்ணீரை வடிக்கச் சொல்கிறோம். கவலைக்கு முதல் வடிகால், யாரிடமாவது வாய்விட்டுச் சொல்வது. கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் உழவர் பயிற்சிக் கூட்டத்திலும் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். நான் இனி என் கூட்டங்களில் ஒதுக்குவேன்.

அந்த விவசாயி தம் மனைவியோடு மருத்துவமனைக்குப் போய் வந்தார். கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் விடியும் வரை தூங்குகிறார். கடனை எப்படிக் கட்டலாம் என்று காலையில் தெளிவாக யோசிக்கிறார்.

மண்டகப்பட்டில் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றியே அதைச் செய்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இவை இல்லாமல் கோயில் ஏது என்றுதான் அன்றைய மக்கள் எண்ணியிருப்பார்கள். "அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லும் உழவர் பெருமக்கள், அந்தப் பக்கம் போகும்போது அந்தக் கல்வெட்டை ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டும்.