ஊருக்கு ஒரு பேர்

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு இரவுகளில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. 2023 டிசம்பரிலேயே ஓடியிருக்க வேண்டியவை. மிக்ஜாம் புயல் வந்து ஊரையே மூழ்கடித்ததால் ஒத்திப்போடப்பட்டது. அரசாங்கத்தின் கையிலிருந்து சுமார் 40 கோடி ரூபாய். சென்னைக்கு உலக வரைபடத்தில் இடம் கிடைக்கும், சுற்றுலா பெருகும் என்றார்கள்.

இதைப் பற்றி எழுத இங்கே என்ன இருக்கிறது என்று கவிதை எழுதும் நண்பர் ஒருவர் கேட்டார். நான் கிராமத்துப் பெரியவர் மாதிரிப் பேசுகிறேனாம். வேகம்தான் நவீன மனத்தின் ஆதார அனுபவம் என்பது அவர் கட்சி. 1909-இல் மரினெட்டி பாரிஸ் பத்திரிகையில் அச்சிட்டதை இன்னமும் புதுச் செய்தியாகப் பொத்தி வைத்திருக்கிறவர் அவர். போகட்டும்.

எனக்கு வேகத்தோடு சண்டை இல்லை. சோழவரத்தில், யுத்த காலத்து விமானத்தளம் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தபோது அதில் காரும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிப் பல வருஷம் பந்தயம் நடத்தினார்கள் மதராஸ்காரர்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஒரு தளம் வந்தது. ஆட்டத்தில் பிரியம் உள்ளவர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. எங்கள் ஆம்பூருக்கு வரும் அதே பெங்களூர் ரோட்டில்தான் இருக்கிறது. ஆக, பந்தயம்தான் விஷயம் என்றால் தளம் தயார். அங்கே ஏன் போகவில்லை? அங்கே காருக்குப் பின்னால் நேப்பியர் பாலம் தெரியாது. வேண்டியிருந்தது பந்தயம் அல்ல. நாடகக் கம்பெனிக்காரன் தொங்கவிடும் படுதா மாதிரி ஒரு நகரம்.

தீவுத்திடல் தீவானதே கூவத்தால்தான். இரவில் விளக்கு போட்டால் ரோடு தெரிகிறது, கூவம் தெரிவதில்லை; நாற்றத்தைக் காட்டும் காமிரா இன்னும் வரவில்லை. ஹைதராபாதில் 2023 பிப்ரவரி 11 அன்று மின்சாரக் கார்கள் ஓடியது ஹுசேன் சாகர் ஏரிக்கரையில். அதுவும் கெட்டுப்போன நீர்தான். ஆட்சி மாறியது, 2024 பந்தயம் நடக்கவில்லை, செலவழித்த பணம் ஊழல் வழக்காகிக் கிடக்கிறது. டில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா 1 மூன்றே வருஷம், 2011 முதல் 2013 வரை. இது விளையாட்டா கேளிக்கையா என்று வரி விதிக்கிறவர்கள் பிடித்த தகராறு எனக்குப் பிடித்திருந்தது. இந்த விவகாரத்தில் அர்த்தமுள்ள விமரிசனக் கேள்வியை எழுப்பியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

உலகப் பெயர் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பாலாற்றங்கரையில் அது வெகு காலமாக நடந்துவருகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் வெள்ளைக்காரன் காலத்திலேயே லண்டனுக்குப் போயிற்று. 1970-களில் மத்திய அரசுக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. பாதி பதனிட்ட தோலை அனுப்பாதே, முழுச் சரக்காக அனுப்பு என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். குரோமியம் பெருகியது. இன்று ஆம்பூரில் தைத்த பூட்ஸ் ஐரோப்பாவின் நல்ல நல்ல கடைகளில் இருக்கிறது, வேறு பெயரில். ரோட்டோடு போகிற சென்னைக்காரருக்கு ஆம்பூர் என்றால் பிரியாணி. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக் கிணற்றில் வாளி விட்டுக் குடித்தோம். அப்புறம் துணி துவைத்தோம். அப்புறம் அதுவும் இல்லை. கிணறு இன்னும் இருக்கிறது, குப்பை போட.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பைச் சட்டம் படிக்கிற பையன்கள் எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இந்தியாவில் வேலூரின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதுவும் சர்வதேசக் கீர்த்தியில் சேர்த்திதானே! அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 1991 முதல் 1998 வரையிலான நாசத்துக்குப் போட்ட கணக்கு: 29 ஆயிரம் பேருக்கு மேல், மொத்தம் 26 கோடி சொச்சம். இரண்டு இரவுப் பந்தயத்துக்கு 40 கோடி. ரூபாயின் மதிப்பு வேறு வேறு என்பார்கள். சரி, ரூபாயை விடுங்கள், வேகத்தைப் பாருங்கள். சாலையை வழித்து, தார் போட்டு, தடுப்பு வைத்து, விளக்கு நட்டு, உலக மோட்டார் சங்கத்தின் சான்றிதழைக் கடைசி நேரத்தில் வாங்கி ஓட்டியே காட்டிவிட்டார்கள். அரசாங்கத்துக்கு முடியாது என்று இனி யாரும் சொல்லவேண்டாம். முடிகிறது. அந்தப் பழைய தீர்ப்பை வைத்துக்கொண்டு எங்கள் ஜனங்கள் மறுபடியும் டில்லிக்குப் போனார்கள். இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடு என்று 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

பந்தயத்தை எதிர்த்தவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. அவர்கள் பேச்செல்லாம் போக்குவரத்து நெரிசல், எந்தக் கட்சி நடத்துகிறது என்பதோடு நின்றுவிட்டது. தங்கள் கட்சி நடத்தினால் போய் உட்கார்ந்து கைதட்டுவார்கள். எழுதுகிற நாமோ சுற்றுலாத்துறைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த 'உலகத்தரம்' என்ற வார்த்தையை நாவலுக்கும் கவிதைக்கும் கூச்சமில்லாமல் உபயோகிக்கிறோம். வெளியூர்க்காரன் கண்ணில் பட்டால்தான் நாம் இருக்கிறோம் என்ற பிரமை இரண்டு இடத்திலும் ஒன்றே.

அந்த இரண்டாவது தீர்ப்புக்கு மறுநாள் ராணிப்பேட்டைச் சாவுகளுக்குப் பத்து வருஷம் நிறைந்தது. 2015 ஜனவரி 31 அன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத்தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகளைச் சேறு மூடியது. பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நண்பரிடம் இதைச் சொன்னேன். நல்ல கவிதைக்கான விஷயம் என்றார். அடுத்த பந்தயம் எப்போது நடந்தாலும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.