பிழையை விழுங்கும் லைப்ரரி

திருமங்கலம் பேருந்து நிலையத்தைச் சுற்றி க்யூஆர் அட்டை ஒட்டாத கல்லாவைப் பார்ப்பது இப்போது அரிது. டீக்கடைக்கு அந்த அட்டையும் பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கரும் போதும். மருந்துக்கடை, உரக்கடை, மொத்த மளிகைக்கு அது போதாது. பில் போடும் மென்பொருளிலேயே யுபிஐ வேண்டும் என்கிறார்கள். பேமென்ட் நிறுவனத்தின் ஏபிஐயோடு பேச ஒரு கிளையன்ட் லைப்ரரி தேவைப்படுகிறது. அதை எழுதும் இளைஞர்களிடம் ஒரு வாசகம் வேதவாக்காகப் புழங்குகிறது: "நல்ல லைப்ரரின்னா எர்ரரை மேலே விடக்கூடாது, உள்ளேயே சமாளிச்சிடணும்." பணம் புழங்கும் இடத்தில் இதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை.

இதற்கு அவர்கள் சொல்லும் முதல் காரணம், மறுபடி மறுபடி கேட்டால் எப்படியும் பதில் வந்துவிடும் என்பது. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுவதும் யுபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது. அதற்கு யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கண்டறிந்த காரணம், பரிவர்த்தனையின் நிலை என்ன என்று கேட்கும் ஏபிஐயை வங்கிகளின் கணினிகள் அளவில்லாமல் அழைத்தன என்பதுதான். பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூடத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். சர்வர் திணறும்போது ஆயிரம் கிளையன்டுகள் ஒரே நொடியில் மறுபடி தட்டினால் அது எழுந்திருக்கவே முடியாது. பிறகு கட்டுப்பாடு வந்தது: ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைக்கு மேல் கேட்கக்கூடாது, நடுவே இடைவெளி விடவேண்டும். 2025 ஆகஸ்டு முதல், ஒரு செயலியில் ஒருவர் இருப்புத் தொகை பார்ப்பதற்கும் நாளுக்கு 50 முறை என்று வரம்பு. மறுமுயற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, எல்லாரும் ஒரே நேரத்தில் போய் மோதாதபடி அதில் கொஞ்சம் குலுக்கலும் சேர்த்து, எத்தனை முறை என்று எல்லை போட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது வாதம்தான் பணத்தைத் தின்கிறது: "டைம்அவுட் ஆயிடுச்சுன்னா ஃபெயில்னு எடுத்துக்கலாம்." எடுத்துக்கொள்ள முடியாது. மணியார்டர் அனுப்பி ஒப்புகைச் சீட்டு வரவில்லை என்பதற்காகப் பணம் போய்ச் சேரவில்லை என்று ஆகிவிடுமா? கோரிக்கை வழியில் தொலைந்திருக்கலாம். வங்கி கணக்கில் கழித்துவிட்டுப் பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. ரிசர்வ் வங்கிக்கு இது தெரியும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு என்று 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் விதித்திருக்கிறது. ஆகவே லைப்ரரி தரவேண்டிய விடைகள் மூன்று: நடந்தது, நடக்கவில்லை, தெரியவில்லை. மூன்றாவதை இரண்டாவதில் போட்டு மூடினால், உரம் வாங்க வந்தவர் அதே பில்லுக்கு இருமுறை கட்டிவிட்டுப் போவார். முதல் முயற்சியில் போட்ட அடையாள எண்ணையே மறுமுயற்சியிலும் அனுப்பினால், அதை மதிக்கும் சர்வர் இரண்டாம் தடவை பணம் எடுக்காது. முயற்சிக்கு ஒரு புது எண் போடும் லைப்ரரியை என்னவென்று சொல்வது!

"பெரிய லைப்ரரிகள் எல்லாம் அப்படித்தான்" என்பது அடுத்தது. இல்லை. பைத்தானின் யுஆர்எல்லிப்3, மறுமுயற்சிக்கு அமைத்தாலும் போஸ்ட் கோரிக்கைகளை இயல்பாக அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது இரண்டு முறை நடந்தால் என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறது. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியோ நாம் சொல்லாவிட்டால் டைம்அவுட்டே வைக்காது. ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச், சர்வர் கோளாறைச் சொல்லும் 500 என்ற குறியீடு வந்தாலும் பிழை என்று கத்தாது. முடிவை எழுதுகிறவரிடமே விட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸெப்ஷன் போதும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கணக்கில் பணமில்லை என்றால் யுபிஐ இசட்9 என்ற குறியீட்டைத் தருகிறது. பின் நம்பர் தவறென்றால் இசட்எம். என்பிசிஐயே வங்கிவாரியாக வெளியிடும் புள்ளிவிவரத்தில் வாடிக்கையாளர் பக்கத்துத் தோல்வியையும் தொழில்நுட்பத் தோல்வியையும் தனித்தனியாகத்தான் காட்டுகிறது. பின் நம்பர் தவறென்று தெரிந்தும் லைப்ரரி மூன்று முறை தானாக முயன்றால் எதற்கு ஆகும்? சர்வர் தரும் குறியீடுகளும் அப்படித்தான்: 429 வந்தால் காத்திருக்க வேண்டும், 401 வந்தால் சாவியைச் சரிபார்க்க வேண்டும், 400 வந்தால் நம் நிரலைத் திருத்த வேண்டும்.

"கடைக்காரருக்கு இதெல்லாம் புரியாது" என்பார்கள். திருமங்கலத்துக் கடைக்காரருக்குக் கடனும் வரவும் நிலுவையும் நன்றாகவே புரியும். "பணம் வந்ததா என்று இன்னும் தெரியவில்லை, மறுபடி வாங்காதீர்கள்" என்று திரையில் தமிழில் ஒரு வரி காட்டுங்கள். கூடவே வங்கியில் காட்ட 12 இலக்க யுடிஆர் எண் கிடைத்திருந்தால் அதையும். பில்லிங் மென்பொருள் வாங்குகிறவர்களே, செயல்விளக்கம் காட்டும்போது பாதியில் நெட்டைத் துண்டித்துப் பாருங்கள். 'நிலுவை' என்று காட்டாமல் 'தோல்வி' என்று காட்டினால் அந்த மென்பொருளை வாங்காதீர்கள்.