ஆயில் குடிக்கும் பழைய கார்: இன்ஜினைப் பிரிக்கும் முன் ஒரு கணக்கு



2010 ஏப்ரலோடு சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றது. நம்ம செம்பட்டி மாதிரி ஊர்களுக்கு 2014 ஜனவரி வரை தயாரித்தார்கள். அப்போ 2010, 2011-ல் வாங்கிய வண்டிக்கு இப்போ 15 வயசு. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது. புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம்.

இந்த வயசுலதான் ஆயில் குறைய ஆரம்பிக்கும். "இன்ஜின் வேலை பார்த்துடலாம் சார்"னு மெக்கானிக் சொல்வார். என் கருத்து: ஆயில் குறையுதுங்கிற ஒரே காரணத்துக்காக இன்ஜினைப் பிரிக்காதீங்க.

முதலில் அளங்க

சமமான தரையில், இன்ஜின் ஆறிய பிறகு டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் ஊத்துங்க. அதுக்கு மேல வேண்டாம். 1,000 கி.மீ. ஓட்டிட்டு, மறுபடி அதே கோட்டைத் தொட எத்தனை மில்லி ஆகுதுனு எழுதி வைங்க.

பிறகு காரணம்

* வண்டி நின்ற இடத்தில் சொட்டு இருந்தால் கசிவு. கேஸ்கெட், ஆயில் சீல் பாருங்க. பி.சி.வி. வால்வ் அடைப்பையும் பார்க்கச் சொல்லுங்க. இதெல்லாம் சின்னச் செலவு.
* காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை, அல்லது கொடைக்கானலில் இருந்து கியரில் இறங்கி வந்து, ஆக்சிலேட்டரை மிதித்ததும் குபுக்னு நீலப் புகை: வால்வ் சீல் மேல சந்தேகம்.
* வேகம் எடுக்கும்போதெல்லாம் புகை, இழுவையும் குறைவு: பிஸ்டன் ரிங் மேல சந்தேகம். கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுங்க. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அழுத்தம் ஏறினால், ரிங் தேய்ந்திருக்கு.

இப்போ பணம்

எல்லாமே உதாரண எண்கள்தான். உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க. வருஷம் 8,000 கி.மீ., 1,000 கி.மீ.க்கு 400 மில்லி, லிட்டர் ஆயில் ரூ.400. வருஷத்துக்கு ரூ.1,280. ஐந்து வருஷத்துக்கு ரூ.6,400. இதை மிச்சம் பிடிக்க ரூ.35,000 செலவு பண்ணுவீங்களா?

ஆனா ரிங் தேய்ந்து மைலேஜ் 18-லிருந்து 15-க்கு இறங்கியிருந்தால் கதையே வேற. வருஷத்துக்கு 89 லிட்டர் பெட்ரோல் கூடுதல். லிட்டர் ரூ.100-னு வெச்சாலும் ரூ.8,900, ஐந்து வருஷத்தில் ரூ.44,500. இங்கே இன்ஜின் வேலைக்கு நியாயம் இருக்கு. அதுக்கு முன்னாடி பிளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் பிடிப்பு எல்லாம் சரியானு பார்த்துடுங்க. மைலேஜ் இதனாலயும் குறையும். வண்டியை ஒரு வருஷத்துல விற்கப் போறீங்கன்னா, அந்த ரூ.35,000 விலையில் முழுசா திரும்பி வராது.

ஊத்தி ஊத்தி ஓட்டுறதா முடிவு பண்ணினால், ஒரே நிபந்தனை: வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்க. டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் போனதைத்தான் சொல்லும், அளவை இல்லை. அது எரிந்த பிறகும் ஓட்டினால் இன்ஜின் பிடிச்சுக்கும். மிச்சம் பிடிச்சதெல்லாம் ஒரே நாளில் போயிடும். அளவு மாசாமாசம் ஏறினாலோ, எப்பவும் புகை வந்தாலோ தள்ளிப் போடாதீங்க. புகை டெஸ்டும் மாட்டும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும்.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் "எவ்வளவு ஆகும்?"னு கேட்கும் முன், "கம்ப்ரெஷன் எவ்வளவு காட்டுது?"னு கேளுங்க.