விசுவாசத்துக்குக் கூலி எந்தப் பையிலிருந்து?



கேமரன் மலையில் இரவு பத்து மணிக்குக் குளிர் எலும்பைத் தொடும். ஆனாலும் ஐ.பி.எல். காலம் வந்துவிட்டால் எங்கள் லயத்தில் விளக்கு அணைவதில்லை. இந்தியாவில் ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குப் பத்து மணி. நடுநிசி தாண்டிப் பார்த்துவிட்டு விடியற்காலைப் பெரட்டுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பேர் போடும் கிராணி நான். என் கண்ணும் அப்படித்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

அங்கே எழுந்த வழக்கு இது. பல்லாண்டு ஒரே அணிக்கு உழைத்த மூத்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க, அவருடைய இன்றைய ஆட்டத்தின் மதிப்புக்கு மேலாகவே பணம் கொடுக்கலாமா? "தோனிக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் தகும்" என்றார் ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர். "அந்தக் காசில் இரண்டு இளைஞர்களை எடுக்கலாமே" என்றான் பேக்டரியில் வேலை செய்யும் பையன்.

தொழிற்சங்கப் பத்திரிகையில் கிரிக்கெட் எதற்கு என்கிறீர்களா? பொறுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 2018 இல் சென்னை அணி தோனிக்கு 15 கோடி ரூபாய், சுரேஷ் ரெய்னாவுக்கு 11 கோடி கொடுத்துத் தக்கவைத்தது. 2022 இல் ஜடேஜாவுக்கு 16 கோடி, நாற்பது வயதுத் தோனிக்கு 12 கோடி. அது அதிகம் என்றார்கள்; 2023 இல் அதே தோனியின் தலைமையில் ஐந்தாவது முறையாகக் கோப்பை வந்தது. பிறகு, ஐந்தாண்டுகள் நாட்டுக்காக ஆடாத இந்திய ஆட்டக்காரரைக் குறைந்த விலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய விதியை 2024 இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். தோனி 4 கோடிக்கு நின்றார். ருதுராஜுக்கும் ஜடேஜாவுக்கும் தலைக்கு 18 கோடி. அந்த 2025 இல் அணி வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடத்துக்குப் போயிற்று.

இதில் மண்டோரும் பையனும் கவனிக்காத ஒன்று உண்டு. 2025 பருவத்துக்கு ஓர் அணி ஆட்டக்காரர்களுக்காக ஏலத்தில் செலவிடக்கூடிய தொகை 120 கோடி. அதற்கு மேல் ஒரு காசு போகக்கூடாது. ஆகவே மூத்தவருக்கு அதிகமாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் முதலாளியின் பையிலிருந்து வருவதல்ல, பக்கத்தில் நிற்கும் இளையவனின் பங்கிலிருந்து வருவது! பாராட்டு முதலாளிக்கு, செலவு தோழனுக்கு. பத்து அணிகளுக்கும் சேர்த்து அந்தத் தொகை 1,200 கோடி. 2023 முதல் 2027 வரை ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை விலைபோனதோ 48,390 கோடிக்கு; ஆண்டுக்கு 9,600 கோடிக்கு மேல். வரம்பு கட்டியது யாருக்கு என்று இனி நான் சொல்ல வேண்டுமா?

எனவே என் கட்சி பையனின் கட்சிதான், ஆனால் பாதி வழி வரைக்கும். கூலி இன்றைய வேலைக்குரியது. பழைய உழைப்பின் கடனை இளையவனின் கூலியில் ஒளித்துவைத்துத் தீர்ப்பது நியாயமல்ல. ஆனால் கடன் கடன்தானே? அதை எங்கே எழுதினார்கள்? ரெய்னாவைக் கேளுங்கள். 2008 முதல் சென்னைக்கு ஆடியவர், அந்த அணிக்காக அதுவரை எல்லாரையும் விட அதிக ஓட்டங்கள் எடுத்தவர். 2022 பிப்ரவரி ஏலத்தில் 2 கோடி அடிப்படை விலைக்கு அவர் பெயரை வாசித்தபோது ஒரு கையும் எழவில்லை, சென்னையின் கையும் சேர்த்து. அதிகக் கூலி கொடுக்காதது தப்பென்று நான் சொல்லமாட்டேன். விசுவாசத்துக்கென்று வேறு எந்தக் கணக்கும் இல்லாமற் போனதே, அதுதான் தப்பு.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன், அறுபது தாண்டியும் ஒப்பந்தத்தில் வேலைக்கு நிற்க விரும்பிய ஒரு பெரியவருக்காகப் பேசப்போனேன். முப்பத்தைந்து ஆண்டு கொழுந்து நிறுத்தவர். தராசைப் பார்க்காமலே எடை சொல்லுவார். சம்பளத்தைக் குறைத்துத்தான் எடுப்போம் என்றார் அதிகாரி. ஏன் என்றேன். "தோனியே குறைத்துக்கொள்ளவில்லையா, கிராணி?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோனிக்கு விளம்பரக் கம்பெனிகள் வாசலில் நிற்கின்றன. நம் பெரியவருக்கு நிற்பது மளிகைக் கடைக்காரர். வேலைநீக்கம் செய்தால், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் உண்டு என்று 1980 ஆம் ஆண்டு விதி சொல்லுகிறது. ஆனால் ஓய்வு வயதில் போகிறவருக்கு அந்த விதி உதவாது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தாலொழிய, சேமநிதியை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். அறுபதுக்கு மேல் வேலைக்கு எடுத்தாலோ, உள்நாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி கட்டவேண்டிய சேமநிதிப் பங்கு 13 சதவிகிதத்திலிருந்து 4 ஆக இறங்கிவிடுகிறது. அங்கேயே முதலாளிக்கு லாபம் வந்துவிட்டது. அதற்கும் மேலே சம்பளத்திலும் வெட்டா?

நிறுக்கிற வேலை அதே வேலையென்றால் கூலியும் அதே கூலி. முப்பத்தைந்து ஆண்டுக்கான தொகை அதற்குப் புறம்பாக, கம்பெனி லாபத்திலிருந்து, ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கப்படவேண்டும். யாருடைய கூலி உயர்விலிருந்தும் அதைக் கழிக்கக்கூடாது.

இதை எங்கள் கிளைக் கூட்டத்துக்குத் தீர்மானமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மண்டோர் வழிமொழியச் சம்மதித்துவிட்டார். பேக்டரிப் பையன் "கடைசி வரியை இன்னொரு முறை வாசியுங்கள் அண்ணே" என்றான். வாசித்தேன். அவனும் கையெழுத்துப் போட்டான்.