கடலோரப் பாதை என்னும் மயக்கம்

ஸ்பெயினில் பத்து நாள் சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர்களில் பலரும் முதலில் வரைபடத்தை விரித்து, மத்தியதரைக் கடலை ஒட்டி ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். கடல் மட்டம்தானே, ஏற்றமே இருக்காது, வழியெல்லாம் குளிக்கலாம் என்று கணக்கு. ஏட்டுச் சுரைக்காய்!

மாலகாவுக்குக் கிழக்கே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. நெர்ஹாவிலிருந்து மோத்ரில் வரை பழைய என்-340 சாலை ஒவ்வொரு மலைமூக்காக ஏறி இறங்கித்தான் போகும். மேற்கே எஸ்தெபோனா பக்கம் போனால் அதே பழைய சாலை ஏ-7 என்ற இரட்டைச் சாலையாகிவிட்டது. ஒரு பக்கம் ஹோட்டல்கள், மறுபக்கம் சீறும் கார்கள். சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று ஸ்பெயினில் சட்டமே இருக்கிறது. இருந்தென்ன, பின்னால் வருகிற லாரியின் காற்றுக்குச் சட்டம் தெரியுமா? பத்து நாள் லீவும் சேர்த்து வைத்த காசும் இதற்கா?

பாதையைத் தேர்வு செய்ய வேண்டியது கடலைப் பார்த்தல்ல, சரிவைப் பார்த்து. ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 115 கிலோ என்று வைத்துக்கொண்டால், சாதாரணக் கால் பலத்துக்கு 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 5, 6 கி.மீ.தான் வரும். அதாவது நடக்கிற வேகம். அதே ஆள் 2 சதவீத ஏற்றத்தில் 14 கி.மீ. போவார். ரயில் இஞ்சினுக்கும் இதே சங்கடம் உண்டு. அதனால்தான் ரயில் பாதை போட்டவர்கள் மலையைக் குடைந்தும், பள்ளத்தில் பாலம் கட்டியும் சரிவைக் குறைத்து வைத்தார்கள். ஸ்பெயினில் கைவிடப்பட்ட அந்தப் பாதைகளை 1993 முதல் 'பசுமை வழி'களாக மாற்றி வருகிறார்கள். இப்போது 3000 கி.மீ.க்கு மேல் இருக்கிறது.

ஹாயேனிலிருந்து புவெந்தே ஹெனில் வரை 128 கி.மீ. ஓடும் 'எண்ணெய் வழி' ஒன்று போதும். ஆலிவ் எண்ணெய் ஏற்றிய ரயில் 1980களில் நின்றுபோன தடம் அது. மார்த்தோஸ், லுகே, காப்ரா, லுசேனா என்று ஊர்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் ஆலிவ் மரங்கள், நடுவே பழைய இரும்புப் பாலங்கள். இன்னும் மேற்கே ஒல்வேராவுக்கும் புவெர்த்தோ செர்ரானோவுக்கும் இடையே 36 கி.மீ., அதில் 30 குகைகள்! 1920களில் ஆரம்பித்துப் பாதியில் விட்ட இந்த லைனில் ஒரு ரயில்கூட ஓடவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒரு குகை கிட்டத்தட்ட 1 கி.மீ. நீளம், ஆகவே சைக்கிளுக்கு விளக்கு கட்டாயம். ஸாஃப்ராமகோன் பாறைக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். எந்தக் கடற்கரையில் கிடைக்கும் இது?

"இதெல்லாம் குழந்தைகள் ஓட்டுகிற பாதை, மலையேறாதவன் சைக்கிளோட்டியா?" என்று சில சூரர்கள் கேட்பதுண்டு. தாராளமாக ஏறட்டும். ஆனால் கூட வருகிற நண்பரோ மனைவியோ மூன்றாம் நாளே முட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வீரத்தை யாருக்குக் காட்டுவது?

நிஜமான குறை வேறு. இந்த வழிகள் துண்டு துண்டாக இருக்கின்றன. புவெந்தே ஹெனிலிலிருந்து ஒல்வேரா போக ஒரு முழு நாள் சாதாரணச் சாலையில்தான் மிதிக்க வேண்டும், மேடு பள்ளத்தோடு. கடற்காற்றும் கிடையாது. காப்ராவுக்குப் பக்கத்து வட்டாரமான லா ராம்ப்லாவில் 2021 ஆகஸ்டில் வெயில் 47 டிகிரியைத் தாண்டியது. ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே லீவு கிடைக்கிறவர்கள் ஆந்தலூசியாவை விட்டுவிட்டு வடக்கே போவது நல்லது. மற்றவர்களுக்கு ஏப்ரல், மே அல்லது அக்டோபர். கடலில் குளித்தே ஆக வேண்டுமென்றால், கடைசி நாள் சைக்கிளை ரயிலேற்றி மாலகாவில் இறங்கிக் குளித்துக்கொள்ளலாம்.